கிளட்ச் நழுவியது, எண்ணெய் காட்டிக்கொடுத்தது

என்னிடம் 1968ஆம் ஆண்டு ட்ரயம்ஃப் போனவில் டி120 மோட்டார்சைக்கிள் ஒன்று இருக்கிறது. நான்கு மாதங்கள் ஓடாமல் நின்ற அந்த வண்டியை வெளியே எடுத்த முதல் நாளன்றே, ஒரு நீண்ட ஏற்றத்தில் அதன் கிளட்ச் நழுவத் தொடங்கியது. நான்காவது கியரில் சென்றுகொண்டிருந்தபோது ஆக்சிலேட்டரைச் சற்று அதிகம் முறுக்கினேன். எஞ்சினின் ஓசை உயர்ந்தது, ஆர்.பி.எம். முள் 3,500இலிருந்து 4,500ஐத் தாண்டிப் போனது, ஆனால் வேகமானியின் முள் இருந்த இடத்திலேயே நின்றது. ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்ததும் இரண்டு முட்களும் மீண்டும் இணங்கி நடந்தன. அன்று அதை டயர் வழுக்கியதாகவோ கியர் சரியாக விழாததாகவோ எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அந்த அலட்சியத்தில் தொடங்கி, உண்மையான காரணத்தைக் கண்டு சரிசெய்ய ஏறத்தாழ ஆறு வாரங்களும், அவற்றில் பாதியை வீணாக்கிய ஒரு தவறான முடிவும் எனக்குத் தேவைப்பட்டன. அந்தத் தவறையும் அதிலிருந்து கற்றவற்றையும் வரிசைப்படி எழுதிவைக்கிறேன்.

நழுவுவது கிளட்ச்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சமதளச் சாலையில், மேல் கியரில், நடுத்தர வேகத்தில் சென்றுகொண்டே ஆக்சிலேட்டரைத் திடீரென்று முழுவதும் திறந்து பார்ப்பதே எளிய சோதனை. கீழ் கியர்களில் இந்தச் சோதனை பயன்படாது. அங்கே சக்கரம் எளிதாகச் சுழன்றுவிடுவதால் கிளட்சின் மீது விழும் சுமை குறைவு, ஆகவே பாதி தேய்ந்த கிளட்ச்கூட அங்கே நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். இந்த வண்டியில் இன்னொரு சோதனையும் உண்டு. கிக்கரை மிதிக்கும்போது அந்த விசை கியர்பாக்ஸின் முதன்மைத் தண்டான மெயின்ஷாஃப்ட் வழியாகக் கிளட்சுக்குச் சென்று, அங்கிருந்து கிளட்சையும் எஞ்சினையும் இணைக்கும் பிரைமரி செயின் வழியாகத்தான் எஞ்சினை அடைகிறது. எனவே எஞ்சினின் அழுத்தத்தை எதிர்த்துக் கிக்கரை மெல்ல மிதிக்கும்போது, எஞ்சின் சுழலாமல் கிக்கர் மட்டும் கீழே இறங்கிவிட்டால், கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பற்றவில்லை என்று பொருள். கிக்கரின் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பற்றும் பற்சக்கரம்) தேய்ந்திருந்தாலும் கால் இப்படி விழும் என்றாலும், அப்போது பற்கள் தாண்டும் கடகட ஓசை கேட்கும். கிளட்ச் நழுவும்போது ஓசையின்றி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கால் இறங்கும். என் கால் ஓசையின்றி இறங்கியது.

இதன்பின் நான் செய்த முதல் காரியம் சரியானது. கிளட்சை மூடியிருக்கும் கவரைத் திறப்பதற்கு முன், கைப்பிடியிலுள்ள கிளட்ச் லீவரில் எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று பார்த்தேன். கேபிள் லீவரோடு சேரும் இடத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். என் வண்டியில் அது சுத்தமாக இல்லை. பிளேட் தேயத் தேயத் தளர்வு கூடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள், நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இந்த அமைப்பில் நடப்பது அதற்கு நேர்மாறு. லீவரை இழுத்தால், கியர்பாக்ஸின் வலப்பக்க வெளிக்கவரில் உள்ள மூன்று குண்டுகள் கொண்ட பொறி ஒரு நீண்ட புஷ் ராடைத் தள்ளுகிறது. அந்த ராடு உள்ளீடற்ற மெயின்ஷாஃப்ட்டின் ஊடாக இடப்பக்கம் வந்து, கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் நடுவிலுள்ள திருகைத் தொட்டு, பிளேட்டை வெளியே நகர்த்துகிறது. பிளேட்டுகள் தேய்ந்தால் அவற்றின் அடுக்கு மெலிகிறது. அடுக்கு மெலிந்தால் பிரஷர் பிளேட் உள்நோக்கி நகர்ந்து, தன் நடுத்திருகைப் புஷ் ராடுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து விடுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளி மறைந்து, லீவரைத் தொடாமலேயே ராடு பிரஷர் பிளேட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நாம் கையை எடுத்துவிட்டாலும் வண்டியைப் பொறுத்தவரை கிளட்ச் எப்போதும் சற்று அழுத்தப்பட்டே இருக்கும்.

இதைச் சரிசெய்யும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கைப்பிடியிலுள்ள அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே திருகி, கேபிளை நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். பிறகு பிரைமரி செயினையும் கிளட்சையும் மூடியிருக்கும் பிரைமரி கவரிலுள்ள பெரிய மூடியைக் கழற்றி, பிரஷர் பிளேட்டின் நடுத்திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகு ராடைத் தொடும் எதிர்ப்பு விரலுக்குத் தெரியும்வரை மென்மையாக உள்ளே திருகி, அங்கிருந்து அரைச்சுற்று பின்னால் எடுத்து, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்க வேண்டும். கடைசியாகத்தான் கேபிளின் தளர்வை 3 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கேபிளை மட்டும் தளர்த்தி வேலையை முடித்துக்கொள்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் லீவரில் தளர்வு தெரியும். ஆனால் உள்ளே உள்ள மூன்று குண்டுப் பொறி தன் சரியான நிலையில் இல்லாமல் போவதால், கிளட்ச் முழுவதுமாக விடுபடாது. ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் தளர்வு மறையவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்வது நல்லது. கேபிள் சென்ற வழி தவறாக இருந்தால் வளைவில் திரும்பும்போது மட்டும் கிளட்ச் நழுவும், அதைக் கண்டுபிடிக்க முடியாமல் மண்டை காயும்.

இந்தச் சீரமைப்புக்குப் பின் நழுவல் குறைந்ததே தவிர மறையவில்லை. இங்கேதான் என் தவறு தொடங்கியது. பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடிப்பவை மூன்று ஸ்பிரிங்குகள்; அவற்றின் நட்டுகள் கண்ணெதிரே இருந்தன, மூடியைத் திறந்தால் கைக்கு எட்டின. ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று இறுக்கினேன். அதே ஏற்றத்தில் வண்டி அம்புபோல் ஏறியதைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று வாரங்கள் அந்த மகிழ்ச்சி நீடித்தது. அந்த மூன்று வாரங்களில் லீவரை இழுக்க இரண்டு மடங்கு வலு தேவைப்பட்டது, சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்கவில்லை, முதல் கியர் போடும்போது கேட்ட அடி பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. ஸ்பிரிங்குகளை அளவுக்கு மீறி அழுத்தியதால் லீவரை முழுவதும் இழுத்தாலும் பிளேட்டுகள் விடுபடப் போதிய இடம் கிடைக்கவில்லை. நான் கண்மதிப்பில் இறுக்கியதால் பிரஷர் பிளேட் ஒருபக்கமாகச் சாய்ந்து எழுந்தது. நான்காவது வாரத்தில் பழைய நழுவல் தானாகவே திரும்பி வந்தது. காய்ச்சலுக்குக் கம்பளி போர்த்திவிட்டு நோய் தீர்ந்ததென்று நம்பியவனின் கதை இது.

அதன்பின்தான் கவரை முழுவதுமாகக் கழற்றும் முடிவுக்கு வந்தேன். கவரின் உள்ளே மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இருப்பதால் முதலில் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்தேன். கீழேயுள்ள வடிகால் திருகைத் திறந்து எண்ணெயைத் தட்டில் இறக்கியபோது, அது நின்றுவிடும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் தொடர்ந்து ஒழுகியது. சந்தேகம் வந்து அதை ஓர் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். இந்த வண்டியின் பிரைமரி பெட்டிக்குரிய அளவு 350 மி.லி.; குவளையில் இருந்ததோ 610 மி.லி. நான் ஊற்றியது பொன்னிற எண்ணெய். வெளியே வந்ததோ கரியேறிய கறுப்பு எண்ணெய். அந்த நிமிடம்வரை தனித்தனியாகக் கிடந்த பல செய்திகள் சட்டென்று ஒன்றோடொன்று பொருந்தின. ஓடாமல் நின்ற மாதங்களில் எண்ணெய் டாங்கின் மட்டம் இறங்கியிருந்ததைப் பார்த்தபோது, பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டிக்குக் கீழே விரித்திருந்த அட்டையில் நான்கைந்து சொட்டுகளுக்கு மேல் கறையே இல்லை. காணாமல் போன எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்வியை நான் அப்போதே கேட்டிருந்தால் ஸ்பிரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

எண்ணெய் வந்த வழியைச் சற்று விளக்க வேண்டும். இந்த எஞ்சினில் எண்ணெய் தனி டாங்கில் இருக்கிறது; பம்ப் அதை எஞ்சினுக்கு அனுப்பி, மீண்டும் டாங்குக்குத் திருப்புகிறது. பம்ப்பினுள் இருக்கும் சிறு குண்டு வால்வுகள் சரியாக அடைக்காவிட்டால், வண்டி நிற்கும் காலத்தில் டாங்கிலுள்ள எண்ணெய் தன் எடையாலேயே மெல்ல இறங்கி எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் தேங்கும். கிராங்க்கேஸுக்கும் பிரைமரி பெட்டிக்கும் இடையே காவலாக நிற்பது கிராங்க்ஷாஃப்ட்டின் இடப்பக்கமுள்ள ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் ஒன்றுதான். அதன் உதடு தேய்ந்து இறுகியிருந்தால், தேங்கிய எண்ணெய் அதைக் கடந்து பிரைமரிக்குள் கசியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கிராங்க்கேஸின் உள்ளழுத்தம் மீதியையும் தள்ளிவிடும். 1970ஆம் ஆண்டு மாடலிலிருந்து இதே வரிசை வண்டிகளில் அந்த சீல் நீக்கப்பட்டு, கிராங்க்கேஸின் சுவரில் துளைகள் இடப்பட்டு, பிரைமரி பெட்டியும் எஞ்சினும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்துவிட்டது. எனவே பிற்கால வண்டியை வைத்திருப்பவர் சொல்லும் அறிவுரையை முற்கால வண்டியில் அப்படியே செயல்படுத்தக் கூடாது. நான் முதலில் கேட்ட அறிவுரைகளில் பாதி அந்த வகையைச் சேர்ந்தவை.

எண்ணெய் கூடியது மட்டும் குற்றமில்லை, வந்த எண்ணெயின் குணமும் குற்றவாளி. அந்த நான்கு மாதங்களுக்கு முன் எஞ்சினில் ஊற்றியது கார்களுக்கான ஒரு எண்ணெய். டப்பாவின் பின்புறமுள்ள ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வட்டத்தின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்ற சொற்கள் இருந்ததை நான் பின்னர்தான் கவனித்தேன். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்ட எண்ணெயை அந்தச் சொற்கள் குறிக்கின்றன. காருக்கு அது நன்மை, ஏனென்றால் காரின் கிளட்ச் பொதுவாக எஞ்சின் எண்ணெயில் நனைவதில்லை. எண்ணெயில் நனைந்தபடியே பற்ற வேண்டிய பைக் கிளட்சுக்கோ உராய்வுதான் உயிர். இதற்காகவே 1998இல் ஜாசோ டி903 என்ற ஜப்பானியத் தரநிலை உருவானது, அதில் எம்.ஏ. குறியுள்ள எண்ணெய்கள் கிளட்சுக்கு வேண்டிய உராய்வைக் காப்பவை, எம்.பி. குறியுள்ளவை உராய்வு குறைந்தவை. தனிப்பெட்டியில் ஓடும் கிளட்ச் என்பதால் எஞ்சினுக்கு எதை ஊற்றினாலும் அதைப் பாதிக்காது என்பது என் கணக்கு. சீல் தேய்ந்த வண்டியில் அந்தக் கணக்கு செல்லாது.

இனி பிளேட்டுகளைப் பற்றி. ஸ்பிரிங் நட்டுகளைக் கழற்றுவதற்குள் ஒரு சிறு பாடம் காத்திருந்தது. நட்டின் அடியில் ஒரு சிறு முனைப்பு உண்டு; அது ஸ்பிரிங்கின் முனையில் சிக்கிக்கொண்டு, நட்டு தானாகக் கழன்றுவிடாமல் காக்கிறது. அதைக் கவனிக்காமல் திருகினால் நட்டு நொறநொறவென்று முரண்டு பிடிக்கும். ஒரு மெல்லிய கத்தியின் முனையால் ஸ்பிரிங்கின் முனையைச் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு திருகினால் வழுவழுவென்று வந்துவிடும். நடுவில் தண்டு நீட்டிக்கொண்டிருப்பதால் சாதாரணத் திருப்புளி இதில் பொருந்தாது; நான் ஒரு பழைய அகலத் திருப்புளியின் முனையில் அரத்தால் நடுவே பள்ளம் எடுத்து எனக்கான கருவியைச் செய்துகொண்டேன். பத்து நிமிட வேலை, இன்றுவரை உழைக்கிறது.

பிரஷர் பிளேட்டை எடுத்தபின் உராய்வுப் பொருள் ஒட்டிய ஆறு பிளேட்டுகளும் வெறும் எஃகுப் பிளேட்டுகள் ஆறும் மாறி மாறி வந்தன. வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்தேன். உராய்வுப் பிளேட்டுகளின் முகம் கறுத்து, கண்ணாடிபோல் மின்னியது. விரல் நகத்தால் சுரண்டினால் எதுவும் வரவில்லை, நகம்தான் வழுக்கியது. தேய்மானம் புதியதன் அளவிலிருந்து 0.75 மி.மீ.க்கு மேல் போனால் மாற்றிவிட வேண்டும் என்பது பணிமனைக் கையேட்டின் விதி. என்னுடையவை அந்த எல்லைக்கு உள்ளேதான் இருந்தன. ஆகவே முதல் முறை அவற்றைத் தூக்கி எறியாமல், பிரேக் கிளீனரால் இரண்டு முறை கழுவி, உலரவைத்து, பளபளப்பு போகும்வரை தேய்த்து மீண்டும் போட்டுப் பார்த்தேன். 200 கி.மீ. ஓடியதும் சூடான எஞ்சினில் மறுபடியும் லேசாக நழுவியது. உராய்வுப் பொருளின் உள்ளே ஊறிய எண்ணெய் வெப்பத்தில் வெளியே வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். கழுவிப் பயன்படுத்துவது வீண் என்று நான் சொல்லமாட்டேன், அவசரத்துக்கு அது ஊர்போய்ச் சேர உதவும். ஆனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்ட ஒருவர் புதிய உராய்வுப் பிளேட்டுகளைப் போடாமல் மூடுவது, பாதி வேலையை இரண்டு முறை செய்வதற்குச் சமம்.

தேய்ப்பது என்று எழுதியதால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து உராய்வுப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வண்டியில் இருக்கும் பிளேட்டுகளின் வயது தெரியாதவரை அது இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காற்றை ஊதித் தூசியை விரட்டக் கூடாது, உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. ஈரமாக வைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி அகற்றினேன். பெட்ரோலால் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. மூடிய இடத்தில் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

எஃகுப் பிளேட்டுகளைத் தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிலும் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். ஐந்தில் அது நுழையவில்லை. ஆறாவதில் ஒரு பக்கம் தாராளமாக நுழைந்தது. அந்தப் பிளேட்டில் நீலம் பாய்ந்த திட்டுகளும் இருந்தன, அதாவது நழுவலின் வெப்பத்தில் வெந்து நெளிந்திருந்தது. அதை மாற்றினேன். மற்ற ஐந்தையும் கண்ணாடியின்மேல் விரித்த எமரித் தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்து, மின்னும் பரப்பை மங்கலாக்கினேன். புஷ் ராடையும் உருவிப் பார்த்தேன். தளர்வே இல்லாமல் ஓடிய நாட்களில் இடைவிடாது உரசியதால் அதன் இடமுனை நீலமேறி, காளானின் தலைபோல் சற்று விரிந்திருந்தது. கடினமாக்கப்பட்ட அந்த முனை ஒருமுறை வெந்துவிட்டால் பிறகு வேகமாகத் தேயும், நாம் வைத்த தளர்வு வாரம்தோறும் மாறும். அரத்தால் தேய்த்துச் சமாளிக்காமல் புதியது போட்டேன்.

பிளேட்டுகள் அடுக்கியிருக்கும் கிளட்ச் கூடையின் பிளவுகளிலும், பிளேட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் இடித்து இடித்துச் சிறு பள்ளங்கள் உண்டாகியிருந்தன. காது அந்தப் பள்ளத்தில் சிக்கினால் பிளேட் பக்கவாட்டில் நகராது. லீவரை இழுக்கும்போது விடுபடாது, விடும்போது முழுவதும் பற்றாது. பள்ளம் ஆழமில்லாததால் தட்டை அரத்தால் எல்லாப் பிளவுகளையும் ஒரே அளவுக்குச் சீராக்கினேன். ஒன்றில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் எடுத்தால் சுமை முழுவதும் இரண்டு மூன்று காதுகளின் மேல் விழும் என்பதால், இந்த வேலையில் கை அடங்கியிருக்க வேண்டும். ஆழமாகப் பள்ளம் விழுந்த கூடையை அரத்தால் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றுவதே மேல்.

சீலை மாற்றுவதுதான் பெரிய வேலை. அது எஞ்சின் ஸ்பிராக்கெட்டுக்கு (செயினை ஓட்டும் பற்சக்கரம்) பின்னால் இருக்கிறது. பிரைமரி செயின் இணைப்புக் கண்ணி இல்லாத இரட்டைச் செயின் என்பதால், எஞ்சின் ஸ்பிராக்கெட்டையும் கிளட்சையும் செயினோடு ஒன்றாகத்தான் வெளியே எடுக்க முடியும். அதற்கு முன் ஆல்டர்னேட்டரின் நிலையான பகுதியான ஸ்டேட்டரையும் சுழலும் பகுதியான ரோட்டரையும் கழற்ற வேண்டும். கிளட்சின் நடுப்பகுதியான ஹப், மெயின்ஷாஃப்ட்டின் கூம்பு வடிவ முனையில் சாவி எனப்படும் சிறு எஃகுத் துண்டோடு இறுகி உட்கார்ந்திருக்கும். அதை நெம்பி எடுக்க முயன்று கூடையை வளைத்தவர்களை அறிவேன். ஹப்பில் திருகிப் பொருத்தி இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவி ஒன்றே அதற்கு வழி. எடுக்கும்போது கூடையின் நடுவிலுள்ள 20 சிறு உருளைகள் கையில் கொட்டும் என்று தெரிந்திருந்தும், எனக்குக் கிடைத்தவை 19தான். இருபதாவது உருளை காலணியின் மடிப்பில் இருந்ததைக் கண்டுபிடிக்கும்வரை அந்த மாலை முழுவதும் தரையில் தவழ்ந்தேன். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு வேலை செய்திருக்கலாம்.

பழைய சீல் ரப்பர் போலவே இல்லை, வளைத்தால் ஒடியும் அளவுக்கு இறுகியிருந்தது. சீலின் உதடு எஞ்சின் ஸ்பிராக்கெட்டின் கழுத்தில்தான் உரசி நிற்கிறது. அந்தக் கழுத்தில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு வளையப் பள்ளம் விழுந்திருந்தது. புதிய சீலைப் போட்டாலும் அதே பள்ளத்தில் உதடு அமர்ந்தால் எண்ணெய் மீண்டும் கசியும் என்பதால் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றினேன். பல்லின் எண்ணிக்கை 29 என்பதைச் சரிபார்த்து வாங்கினேன். கிளட்சில் 58 பற்கள் இருப்பதால் எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது கிளட்ச் ஒரு சுற்று சுற்றும். வேகம் பாதியாகும்போது முறுக்குவிசை இரட்டிப்பாகிறது என்பதையும், அந்த இரட்டிப்பான விசையைத்தான் இந்தப் பிளேட்டுகள் தாங்குகின்றன என்பதையும் அப்போது எண்ணிப்பார்த்தேன்.

சீலை மட்டும் மாற்றி, எண்ணெய் கீழே இறங்கும் காரணத்தை விட்டுவைத்தால் புதிய சீலும் எண்ணெயில் மூழ்கியே கிடக்கும். ஆகவே வலப்பக்க டைமிங் கவரைத் திறந்து பம்ப்பை எடுத்தேன். குண்டு வால்வு ஒன்றின் இருக்கையில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு துகள் சிக்கியிருந்தது. எல்லாவற்றையும் கழுவி, குண்டை அதன் இருக்கையில் வைத்து, மென்மையான பித்தளைக் குச்சியால் ஒரே ஒரு முறை லேசாகத் தட்டி அமரவைத்தேன். பலமாகத் தட்டினால் இருக்கை பாழாகும்.

திரும்பப் பொருத்தும்போது உருளைகளைக் கிரீஸில் ஒட்டிவைத்தேன். கூம்பு முனையையோ எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்தேன், ஏனென்றால் அங்கே பிடிப்பதும் உராய்வுதான். ஹப் நட்டை 50 அடி-பவுண்டு விசையில் இறுக்கினேன். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்த்தேன். ஓரிடத்தில் உரசினாலும் ஆல்டர்னேட்டர் போய்விடும். செயினின் தளர்வை வடிகால் துளையின் வழியாகவே 12 மி.மீ. அளவுக்கு வைத்தேன்.

ஸ்பிரிங்குகளை இம்முறை புதிதாகவே போட்டேன். நான் இறுக்கிய பழையவற்றைப் புதியவற்றின் பக்கத்தில் நிறுத்தியபோது மூன்றும் மூன்று உயரத்தில் நின்றன. நட்டின் தலையும் தண்டின் முனையும் ஒரே மட்டத்தில் வரும்வரை மூன்றையும் திருகியபின், இந்தப் பழுதிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை தொடங்கியது. லீவரை இழுத்து ஒரு பட்டையால் கட்டிவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினேன். கூடை நிற்க, பிரஷர் பிளேட் மட்டும் சுழலும். அதன் விளிம்பை ஒரு நிலையான புள்ளிக்கு எதிரே வைத்துப் பார்த்தால் அது நேராகச் சுற்றுகிறதா, கோணிய சக்கரம்போல் அலைகிறதா என்பது தெரியும். விளிம்பு அதிகமாக வெளியே வரும் இடத்திலுள்ள நட்டை அரைச்சுற்று இறுக்கி, மீண்டும் சுழற்றி, மீண்டும் பார்த்து, கால் சுற்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கடைசியில் விளிம்பு அசையாமல், நீர்ப்பரப்புபோல் ஒரே கோட்டில் சுழன்றபோது, லீவரை அவிழ்த்து இரண்டு விரல்களால் இழுத்துப் பார்த்தேன். இரண்டு விரலே போதுமானதாக இருந்தது. முன்பு முழுக் கையும் நோக இழுத்தது ஸ்பிரிங்கின் வலுவால் அல்ல, என் அவசரத்தால்.

அளந்து 350 மி.லி. எண்ணெய் ஊற்றினேன். கையேடு சொல்வது எஸ்.ஏ.இ. 20 அடர்த்தியுள்ள எண்ணெய், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவத்தை ஊற்றி நன்றாக ஓட்டுபவர்களும் உண்டு. நான் ஜாசோ எம்.ஏ. குறியுள்ள மெல்லிய எண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன், எஞ்சினுக்கும் எம்.ஏ. குறியுள்ளதையே மாற்றிவிட்டேன். என்றாவது ஒருநாள் சீல் மீண்டும் கசிந்தாலும் கிளட்ச் உடனே காலை வாராது என்பது அதில் ஓர் ஆறுதல். முதல் 50 கி.மீ. ஓடியபின் லீவரின் தளர்வைப் பார்த்தபோது, புதிய பிளேட்டுகள் படிந்து அமர்ந்ததால் அது 3 மி.மீ.யிலிருந்து ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்திருந்தது. இது எதிர்பார்க்க வேண்டியதே. ஒருமுறை சரிசெய்தேன், அதன்பின் மாறவில்லை.

அந்தப் பழைய ஏற்றத்தில், நான்காவது கியரில், ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்தபோது இரண்டு முட்களும் சேர்ந்தே ஏறின. 500 கி.மீ. கழித்து வடிகால் திருகைத் திறந்து எண்ணெயை அதே அளவுக் குவளையில் பிடித்தேன்: 345 மி.லி., நிறம் சற்று மங்கியிருந்தது, கறுக்கவில்லை. குவளையின் அந்தக் கோட்டுக்கு நேரே மார்க்கரால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை: இரவெல்லாம் நின்ற வண்டியில் பிளேட்டுகள் எண்ணெயால் ஒட்டிக்கொள்வதால், காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு முறை மிதித்து அவற்றைப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. மறந்தால் முதல் கியர் ஓர் அடி அடித்து நினைவூட்டுகிறது.